எம்.பி.பி.எஸ். இல்லாத வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில் போன் வந்தால் நல்ல சேதியாக இருக்காது என்பது என் அனுபவம். அக்கா பையன்தான் கூப்பிட்டான். (பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான். ‘பையன்’ என்றே வைத்துக்கொள்வோம். வயசு இருபத்தாறு.)

“மாமா, இந்த நெட்டைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற கம்பெனிக்கு மாறப் போறேன். உங்க வீட்டுல எது?”

“என்னடா ஆச்சு?”

ஆனது இதுதான். முந்தின வாரம் கம்ப்யூட்டர் வழியாக ஓர் இன்டர்வியூ. எதிர்ப்பக்கம் மூன்று பேர். “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றிருக்கிறார்கள். பையன் வாயைத் திறந்திருக்கிறான். அந்தத் திறந்த வாய் அப்படியே மூன்று பேர் திரையிலும் உறைந்து நின்றுவிட்டது. நாலு தடவை கட்டாகி, கடைசியில் அவர்களே போன் செய்து, “வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வெச்சுக்கலாம். நல்ல நெட் இருக்கிற இடமாப் பார்த்து உட்காருங்க” என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது சான்ஸ் கிடைப்பதே அபூர்வம். மூன்றாவது நிச்சயம் கிடையாது.

“அப்பா என்ன சொல்றார்?”

“அவர்தான் மாமா பாதிக் காரணமே! ரிடையர் ஆனதிலேர்ந்து நாள் பூரா மொபைல்ல உபன்யாசம், பழைய பாட்டு. இருக்கிற நெட்டை எல்லாம் அவரே இழுத்துடறார். சொல்லிட்டேன், வியாழக்கிழமை வரைக்கும் மொபைலைத் தொடக்கூடாதுன்னு.”

காபி கசந்தது. அத்தான் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக உழைத்து, பி.எஃப். லோன் போட்டு இவனை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவர். சினிமா, சீட்டுக்கட்டு, வெற்றிலை எதுவும் கிடையாது. மிச்சமிருந்த ஒரே சுகம் அந்த மொபைல்.

“எந்தக் கம்பெனியையும் மாத்தாதே, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து இருபது மீட்டர் நெட்வொர்க் ஒயரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டைக்குக் கிளம்பினேன்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். அத்தான் பால்கனியில் காலைப் பேப்பரை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். வரி விளம்பரம் வரைக்கும் போய்விட்டார். மொபைல் ஸ்டூலின் மேல் குப்புறக் கிடந்தது.

“வாங்க மாப்பிள்ளே. என்னால அவனுக்கு வேலை போயிடுச்சாமே?” என்றார் சிரித்தபடி. சிரிப்பு வாயில்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இது உங்கள் வீட்டிலும் நடக்கிற கதை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

‘நெட் ஸ்லோ’ என்று நாம் சொல்வதில் இரண்டு சமாச்சாரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, கம்பெனிக்காரன் தெருவிலிருந்து உங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்து விடுகிற லைன். இன்னொன்று, ஹாலில் இருக்கும் ரௌட்டர் பெட்டியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் வரைக்கும் காற்றில் போகிற வைஃபை. முதலாவது மெட்ரோ வாட்டர் குழாய் மாதிரி. இரண்டாவது, தொட்டியிலிருந்து சமையலறைக்கு நீங்கள் தூக்கிப் போகும் குடம். குடம் ஓட்டை என்றால் மெட்ரோ வாட்டருக்குக் கடுதாசி எழுதிப் பிரயோஜனம் இல்லை.

எது ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரே வழி: ஒயரைச் செருகிப் பார்ப்பது.

ஒயரை ரௌட்டரின் பின்பக்கம் செருகி, ஹால் வழியாகப் பாம்பு மாதிரி இழுத்து, கடைசி ரூமில் இருந்த பையனின் கம்ப்யூட்டரில் மறுமுனையைச் செருகினேன். வைஃபையை அணைத்தோம். ஸ்பீடு டெஸ்ட் ஓடியது. 94 எம்.பி.பி.எஸ்.

(இது டாக்டர் படிப்பு இல்லை. ஒரு விநாடிக்கு இத்தனை மெகா ‘பிட்’ என்று அர்த்தம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு ‘பைட்’. அதனால் நூறு எம்.பி.பி.எஸ். லைனில் சினிமா டவுன்லோடு செய்தால் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும். ‘நூறுன்னு சொல்லிட்டுப் பன்னிரண்டு தர்றான்’ என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் என் ஆபீஸிலேயே மூன்று பேர் உண்டு.)

அவனுடைய பிளான் நூறு. வந்தது தொண்ணூற்று நாலு. கம்பெனிக்காரன் நிரபராதி.

“சரி, இப்ப அத்தானைக் கூப்பிடு.”

அத்தான் தயங்கித் தயங்கி வந்து, நான் கேட்டுக்கொண்டபடி மொபைலில் ஓர் உபன்யாசத்தைப் போட்டார். நல்ல தெளிவான படம். மறுபடி ஸ்பீடு டெஸ்ட். 89.

“அஞ்சுதான் குறையுது” என்றான் பையன், நம்பாமல்.

“ஆமாம்டா. தெளிவான வீடியோ ஒண்ணு பார்க்க அஞ்சு எம்.பி.பி.எஸ். தாராளம். உன் இன்டர்வியூவுக்கு இரண்டு மூணு போதும். உங்கப்பா நூறில அஞ்சு எடுத்துக்கிட்டார். அதுக்குத்தான் இந்த ஊரடங்கு.”

இப்போது ஒயரைக் கழற்றிவிட்டு வைஃபையில் போட்டோம். 6! மொபைலை நிறுத்திப் பார்த்தோம். அதே 6. மறுபடி உபன்யாசம். அப்போதும் 6. அத்தான் கேட்டாலும் ஆறு, கேட்காவிட்டாலும் ஆறு.

பையன் ஒன்றும் பேசவில்லை. அத்தான், “அப்ப நான் இல்லைங்கறீங்க” என்று மெல்லக் கேட்டார். “நீங்க சாட்சிகூட இல்லை அத்தான்” என்றேன்.

இனி குடத்தின் ஓட்டைகளை எண்ணுவோம்.

ரௌட்டரைத் தேடினேன். டி.வி.க்குப் பக்கத்து ஷோகேஸுக்குள் இருந்தது. ‘கறுப்பா, கொம்போட அசிங்கமா இருக்கு’ என்று அக்கா அதை உள்ளே தள்ளி, முன்னால் கொலு பொம்மைகளும் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளமும் வைத்திருந்தாள். ஷோகேஸுக்கும் பையன் ரூமுக்கும் நடுவே சமையலறைச் சுவர். அதை ஒட்டி ஃபிரிட்ஜ். அடுத்த ரூமில் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. கடைசியில் மேஜைக்கு அடியில், தரையோடு தரையாக, தகரப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர். அதன் முதுகில், சுவரைப் பார்த்தபடி, கட்டைவிரல் அளவுக்கு வைஃபை டாங்கிள்.

வைஃபை என்பது ரேடியோ அலை. (அந்தப் பெயர் எதற்கும் சுருக்கம் இல்லை. 1999-ல், பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி வாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று சூட்டியது.) ரேடியோ அலைக்கு மரக்கதவு, துணித்திரை பெரிய தடை இல்லை. செங்கல் சுவரில் கொஞ்சம் இளைக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில் நன்றாகவே இளைக்கும். உலோகத்தில் பட்டால் திரும்பி வந்துவிடும். பித்தளைத் தாம்பாளம், ஃபிரிட்ஜ், பீரோ, பின்பக்கம் ரசம் பூசிய நிலைக்கண்ணாடி எல்லாமே அதற்குத் திட்டிவாசல் இல்லாத கோட்டை. மீன்தொட்டித் தண்ணீரும் கணிசமாகக் குடித்துவிடும்.

அப்புறம் எப்படி அந்த ஆறாவது வந்து சேர்ந்தது? சுவர், கூரை, கதவு என்று மோதித் திரும்பிப் பல வழிகளில் வரும் அலைகளைக் கூட்டிச் சேர்த்துப் புரிந்துகொள்ளும் சாமர்த்தியம் வைஃபைக்கு உண்டு. அதற்குப் பின்னால் ஒரு ரசமான கதை. ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவன் என்று ஒரு ரேடியோ வானியலாளர். குட்டிக் கருந்துளைகள் ஆவியாகி வெடிக்கும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-ல் சொன்னதைப் படித்துவிட்டு, அந்த வெடிப்பின் ரேடியோ ஒலியைத் தேடிப் போனார். கிடைக்கவில்லை. ஆனால் தேடின அனுபவத்தில், சிதறிக் கலங்கி வரும் சிக்னலைச் சீராக்குகிற கணக்கு கைவசமானது. அவரும் சகாக்களும் 1990-களில் அதை வீட்டுச் சுவர்களில் எதிரொலிக்கும் ரேடியோ அலைக்குப் பயன்படுத்தி, 1996-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார்கள். அண்டத்தில் கருந்துளை தேடினவர் புண்ணியத்தில் குரோம்பேட்டைப் பித்தளைத் தாம்பாளத்தைத் தாண்டி ஆறு எம்.பி.பி.எஸ். வருகிறது.

முதல் வேலையாக ரௌட்டரை ஷோகேஸிலிருந்து விடுதலை செய்து, ஹாலும் உள்ரூம்களும் சந்திக்கிற வாசலுக்கு மேலே, திறந்த பலகையில் வைத்தோம். அக்கா முகத்தைச் சுளித்தாள். “வியாழக்கிழமை வரைக்கும்” என்று வாய்தா வாங்கினேன். ஸ்பீடு 14.

அடுத்தது அக்கம்பக்கம். சாதாரண வைஃபை ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில். இந்தியாவில் அதற்குள் பதின்மூன்று சானல்கள். பதின்மூன்று என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சானலும் பக்கத்து நாற்காலியிலும் சேர்ந்து உட்காருகிற பருமனான ஆசாமி. ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் உட்கார 1, 6, 11 என்று மூன்றே பேருக்குத்தான் இடம்.

ரேடியோ நாகரிகம் ஒன்று உண்டு. ஒரு சானலில் ஒரு சமயம் ஒருத்தர்தான் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பையன் ரூமில் நின்று மொபைலில் பார்த்தால் பதினாறு வீட்டு வைஃபை தெரிந்தது. (பெயர்களைப் படிப்பதே தனிப் பொழுதுபோக்கு. ‘பாஸ்வேர்டு கேக்காதீங்க அங்கிள்’ என்று ஒருத்தர் வைத்திருந்தார். ‘நாங்க கேக்கலை தம்பி’ என்று அடுத்த வீட்டு அங்கிள் வைத்திருந்தார்.) நம் ரௌட்டரோ 4-ம் நம்பரில் உட்கார்ந்திருந்தது. அதாவது, 1-ல் இருப்பவர்களிடமும் இடி, 6-ல் இருப்பவர்களிடமும் இடி. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரௌட்டருக்குள் நுழைந்து (சில பெட்டிகளில் விலாசம் வேறாக இருக்கும், அடியில் ஒட்டியிருக்கும்), காலியாகத் தெரிந்த 11-க்கு மாற்றினோம். 19.

மூன்றாவது குற்றவாளியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கம்ப்யூட்டரின் முதுகில் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தது. யு.எஸ்.பி. 3 வகை. இந்த வகை இணைப்பு வேலை செய்யும்போது கசிகிற ரேடியோ இரைச்சல், சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரதேசத்தில் வந்து விழுகிறது. நான் கண்டுபிடித்ததில்லை. இன்டெல் கம்பெனியே 2012-ல் அறிக்கையாக வெளியிட்டது. பக்கத்து மனையில் நாதஸ்வரம் வாசிக்கும்போது ரகசியம் பேசுகிற மாதிரிதான். ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளை மேஜைக்கு மேலே, தகரப் பெட்டியின் நிழலிலிருந்து வெளியே கொண்டுவந்தோம். 31.

காசு செலவில்லாமல் ஆறு முப்பத்தொன்றாகிவிட்டது. பையன் முகத்தில் முதல் முறையாக ரத்த ஓட்டம்.

“இதுக்கு மேல ஏன் ஏறலை மாமா?”

“உன் டாங்கிள் பழசு. 2.4 மட்டும்தான் தெரியும். ரௌட்டருக்கு இன்னொரு ரோடும் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ். அதுல சானல் ஜாஸ்தி, கூட்டம் கம்மி, வேகம் அதிகம். சுவரைத் தாண்டுறதுல மட்டும் கொஞ்சம் சோனி.”

அத்தானின் மொபைலை வாங்கி வைஃபை விவரத்தைத் திறந்து காட்டினேன். ‘5 கிகாஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தது. “பார்த்தியா? உங்கப்பா போறதே வேற ரோடு. நீ மவுண்ட் ரோட்டுல டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு, பீச் ரோட்டுல போறவரைப் பிடிச்சுத் திட்டிக்கிட்டு இருந்திருக்கே.”

உங்கள் கம்ப்யூட்டர் எந்த ரோட்டில் போகிறது என்று தெரிய, விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போய் வைஃபை ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் பேண்ட், சானல், இணைப்பு வேகம் மூன்றும் எழுதியிருக்கும். 2.4 என்று இருந்து, ரௌட்டரில் 5 இருந்தால், இரண்டு பேண்டும் தெரிந்த டாங்கிள் ஒன்று வாங்குங்கள். பீச் ரோடு திறந்துவிடும்.

இந்த இடத்தில் சில எச்சரிக்கைகள். ‘நெட் ஸ்பீடை இரண்டு மடங்காக்கும்’ என்று வரும் சாஃப்ட்வேர் எதையும் இறக்காதீர்கள். காற்றில் இல்லாததைக் கம்ப்யூட்டர் கற்பனை செய்ய முடியாது. ரௌட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் கட்டினால் ஒரு ரூமுக்குக் கொஞ்சம் கூடும், இன்னொரு ரூமுக்குக் குறையும். ரிப்பீட்டர் பெட்டியை சிக்னல் செத்துப்போன ரூமில் வைத்தால், அது செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். பாதி வழியில் வைக்க வேண்டும். அப்போதும், கேட்பதையும் சொல்வதையும் ஒரே வாயால் செய்கிற மலிவு வகை என்றால் வேகம் பாதியாகும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பக்கம்தான். ‘சாம்பார் சூடு பண்ணும்போது மட்டும் நெட் போகுது’ என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். உண்மை.

இன்னொன்று: ஒயரைச் செருகியும் வேகம் வரவில்லையா? ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் விழுகிறதா? அப்போது தாராளமாகக் கம்பெனிக்காரனைப் பிடியுங்கள். ஒயரில் எடுத்த ரீடிங்கை நேரத்தோடு குறித்து வைத்துக்கொண்டு பேசினால், ‘ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்ற பல்லவியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகலாம். பிளான் வேகத்தையே காட்டிப் பேசுங்கள். ஏனென்றால் இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்று சொல்லிக்கொள்ள 2023 வரை 512 கே.பி.பி.எஸ். போதுமானதாக இருந்தது. அந்த வருஷம்தான் அதை 2 எம்.பி.பி.எஸ். ஆக்கினார்கள்.

நம் தலைமுறைக்கு இதெல்லாம் எவ்வளவோ தேவலை. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுஜனத்துக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, டெலிபோன் வழியாக மோடம் ‘கீஈஈ... க்ர்ர்...’ என்று கத்திப் பிடித்தால் நொடிக்குச் சில ஆயிரம் பிட்டுகள். ஒரு போட்டோ நெற்றி, புருவம், மூக்கு என்று தவணை முறையில் இறங்கும். யாராவது போனை எடுத்தால் மூக்கோடு நின்றுவிடும். அப்போதும் வீட்டில் சண்டை வந்தது. ‘யார் போனை எடுத்தது?’ என்று அப்பாவிடம் கத்தின பிள்ளைகளில் நானும் ஒருவன். அதைப் பையனிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை கிளம்பும்போது பையன் கேட்டான்: “முப்பத்தொண்ணு போதுமா மாமா?”

“போதும். ஆனா வியாழக்கிழமை வைஃபையே வேண்டாம். இந்த ஒயர் இங்கேயே இருக்கட்டும். சுவரோரமா இழுத்து ஒட்டிடு. அவசரத்துக்கு ஒயர்தான். காத்துல போறது எதுக்கும் கேரன்ட்டி கிடையாது.”

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இதையே சொல்வேன். எழுந்து நடக்காத சாமானுக்கு வைஃபை எதற்கு? கேட்-6 ஒயர் நூறு மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட்டைச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுக்கும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

எத்தனை பேர் வீட்டில், இருபது மீட்டர் ஒயரைச் செருகிப் பார்க்காமல், ‘நீ பார்க்கிற சீரியல்தான்’, ‘உன் கேம்தான்’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்! யாரைத் திட்டுவதற்கு முன்னாலும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். ஸ்பீடு டெஸ்ட் இலவசம்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு அக்காவே போன் செய்தாள். இன்டர்வியூ ஐம்பது நிமிஷம், ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். வேலை கிடைக்குமா என்று அடுத்த வாரம்தான் தெரியும். அது என் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது.

“அத்தான் எங்கே இருந்தார்?” என்று கேட்டேன்.

“பத்தரைக்கே மொபைலை அணைச்சு வெச்சுட்டு, பார்க்குல உட்கார்ந்துட்டு வரேன்னு செருப்பை மாட்டிட்டார். இவன்தான் டையைக் கட்டிக்கிட்டே வாசலுக்கு ஓடி, ‘எங்கேப்பா போறீங்க? ஒண்ணும் ஆகாது, உள்ளே உட்கார்ந்து பாருங்க’ன்னு கையைப் பிடிச்சு அழைச்சுட்டு வந்தான்.”

“அப்புறம்?”

“ஹாலிலேயே உட்கார்ந்து உபன்யாசம் பார்த்தார். ஆனா, சத்தமே வைக்கலை. ஐம்பது நிமிஷமும் ஊமைப்படம்.”